புதிதாக நகம் செய்யத் தொடங்கியிருக்கிறேன், எந்த அளவு சரியாக வந்தால் முழுக்காசு வாங்கலாம்?

பரந்தன்காரி:

எல்லோருக்கும் வணக்கம். நான் பரந்தன் பக்கம். அழகுக்கலையில் என்.வி.கியூ தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் அதில் பேஷியல், ஐபுரோ, தலைமுடி, பொம்பிளை (மணப்பெண்) வெளிக்கிடுத்துவது என்று எல்லாம் படித்தோமே தவிர, நகம் என்றால் மெனிக்கியூர், பெடிக்கியூர் செய்து கியூட்டெக்ஸ் பூசுவதோடு சரி. ஜெல் பொலிஷும் டிப்ஸ் (நகத்தை நீட்டும் பிளாஸ்டிக் நுனி) ஒட்டுவதும் பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன வகுப்புக்குப் போய்ப் பழகியவை, மிச்சமெல்லாம் யூடியூப். இப்போது வீட்டு முன் அறையில் மேசை, லைட், ஜெல்லை ஒளியால் காயவைக்கும் லாம்ப் போட்டு வைத்திருக்கிறேன், ஆட்களும் வரத் தொடங்கிவிட்டார்கள்.

பிரச்சினை என்னவென்றால், ஆள் எழும்பிப் போனதும் நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். தோலோடு சேரும் இடத்தில் கோடு நேராக இல்லை, நடுவிரல் நகம் ஒரு பக்கம் புடைத்திருக்கிறது, சின்னவிரல் மற்றதை விட நீளம். அதைப் பார்த்தபிறகு அந்த ஆளிடம் காசு வாங்கியதே பிழை போல் இருக்கும். பக்கத்து வீட்டு ஆட்களிடம் வாங்குவதே இல்லை, மற்றவர்களிடம் யாழ்ப்பாணத்து விலையில் பாதிதான். ஒரு செட் டிப்ஸ் செய்ய மூன்று மணித்தியாலம் போகிறது. சிலருக்கு ஒரு கிழமையிலேயே ஓரம் கிளம்புகிறது, சிலருக்கு மூன்று கிழமை அப்படியே நிற்கிறது, ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு சொந்தக்காரப் பிள்ளை போனில் ஒரு படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்றாள். பாதாம் வடிவம், கண்ணாடி மாதிரி மினுக்கம், ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வொரு வேலைப்பாடு. செய்து கொடுத்தேன், நல்லா இருக்கு அக்கா என்றாள், ஆனால் சொல்லும்போதே அவளின் கண் போனில்தான் இருந்தது. அம்மாவிடம் சொன்னால் ஊரில் இதையெல்லாம் யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள் என்கிறார். எனக்கு அதுவும் ஆறுதலாக இல்லை.

இப்போது ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறார்கள், பொம்பிளைக்கும் அவவின் இரண்டு தங்கச்சிமாருக்கும். ஓம் என்று சொல்வதா விடுவதா என்று தெரியவில்லை. தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள், முதல் வருசத்தில் ஒரு ஆள் தன்னிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை இப்போதைக்கு எதிர்பார்க்கக்கூடாது? முழுக்காசு வாங்க எந்த அளவுக்கு வந்திருக்க வேண்டும்?

வவுனியா அக்கா:

பிள்ளை, நீர் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வைத்து அளக்கிறீர், அதுதான் இவ்வளவு தலையிடி. கோடு நேராக இல்லாததும் ஒருவரின் நகத்தில் கிருமி தொற்றுவதும் உமக்கு ஒரே அளவு பிழையாகத் தெரிகிறது போல. முதலில் அதைப் பிரியும்.

முதல் ஆளிலிருந்தே நூற்றுக்கு நூறு இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒருவருக்குப் பாவித்த பைலும் (நகம் தேய்க்கும் அரம்) பஃபரும் (நகம் மினுக்கும் கட்டை) இன்னொருவருக்குப் பாவிக்கக்கூடாது, அவை கழுவித் துப்புரவாக்க முடியாத சாமான், ஒன்றில் அவரிடமே கொடுத்துவிடும் அல்லது எறியும். இரும்புச் சாமானைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் மருந்தில் போட வேண்டும், அழுக்கோடு ஸ்பிரிட்டில் முக்கினால் பிரயோசனம் இல்லை. 70 வீத அல்ககோல் வாங்கும். 99 வீதம் கூடின சாமான் என்று ஆட்கள் நினைக்கிறார்கள், கிருமிக்கு அந்தத் தண்ணீர் கலந்ததுதான் நல்லது. நகத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் செத்த தோலை மட்டும் எடுக்க வேண்டும், அடியில் இருக்கும் உயிர்த்தோலை வெட்டக்கூடாது. இரத்தம் வந்தால் எவ்வளவு வடிவாக இருந்தாலும் அது கெட்ட வேலை. நகத்தைப் பைல் போட்டு மெல்லிசாக்கக்கூடாது. இதில் எதிலும் நான் புதுசு என்று சாட்டுச் சொல்ல ஏலாது. ஆனால் பாரும், இதெல்லாம் கைத்திறமை இல்லை, பழக்கம். இன்றைக்கே உம்மால் முழுதாகச் செய்ய முடியும். அதைச் செய்கிற ஆள் காசு வாங்கலாம்.

கோடு, வடிவம், வேகம், வேலைப்பாடு எல்லாம் கை பழகப் பழகத்தான் வரும். நான் பெரும்பாலும் பொம்பிளை வேலைதான், நகம் பிற்பாடு படித்தது, என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளிடம் முதல் சில மாதம் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. ஆள் திரும்பி வரும்போது நகம் எப்படி இருக்கிறது? செய்த அன்று எடுத்த படத்தை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. அன்றைக்கு எண்ணெய் பூசி லைட்டுக்குக் கீழே பிடித்தால் எல்லா நகமும் வடிவுதான். இரண்டு கிழமை கழித்து வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பச் சொல்லும், அனுப்பினால் அடுத்த முறை ஏதாவது குறைத்துத் தருவேன் என்று சொன்னால் கட்டாயம் அனுப்புவார்கள்.

அந்தப் படத்தைப் பார்க்கிற விதம் இருக்கிறது. கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும். ஆகவே இரண்டு கிழமையில் அடியில் ஒன்றரை மில்லிமீற்றர் வெறும் நகம் தெரிவது வளர்ச்சி, உம்முடைய பிழை இல்லை. புதுப் பிள்ளைகள் பலர் அதைப் பார்த்தே பயப்படுகிறார்கள். கிளம்புவது வேறு. ஆரஞ்சுக் குச்சியின் (நகவேலைக்கான மெல்லிய மரக்குச்சி) நுனியை ஓரத்தில் மெல்ல வைத்துத் தள்ளினால் உள்ளே போகும், ஒளியில் பிடித்தால் அந்த இடம் வெளிறித் தெரியும். எந்த இடத்தில் கிளம்பியிருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். தோல்ப் பக்கம் என்றால் செத்த தோல் முழுதாகப் போகவில்லை, அல்லது ஜெல் தோலில் பட்டு அப்படியே காய்ந்திருக்கிறது. நுனி என்றால் நுனியின் விளிம்பை மூடிப் பூசவில்லை, அல்லது அந்த ஆளின் வேலைக்கு நீளம் கூடிவிட்டது. பக்கவாடு என்றால் ஓரத்தில் ஜெல் வழிந்து நின்றிருக்கிறது. பத்து விரலிலும் ஒரே மாதிரி என்றால் லாம்ப்பையும் சாமானையும் சந்தேகப்படும். பெருவிரல் இரண்டிலும் மட்டும் என்றால் லாம்ப்புக்குள் அவை சரிந்து நின்று ஒளி படவில்லை, நாலு விரலை முதலில் காயவைத்துப் பெருவிரலைத் தனியே நேராக வைத்துக் காயவையும். வலக்கைப் பெருவிரல் மட்டும் என்றால் வீட்டில் தேங்காய் யார் திருவுகிறது என்று கேளும், அதிலேயே பதில் வந்துவிடும்.

ஒரு கொப்பி வையும். ஆள், திகதி, என்ன சாமான், எந்த விரலில் எங்கே கிளம்பியது, அவ்வளவும் எழுதும். பத்துப் பேர் எழுதிய பிறகு உமக்கே தெரியும் நீர் எங்கே நிற்கிறீர் என்று. உம்மை நீரே திட்டிக்கொண்டிருப்பதை விட அது எவ்வளவோ மேல்.

புதுக்குடியிருப்புப் பிள்ளை:

நான் நகம் செய்கிற ஆள் இல்லை, செய்விக்கிற ஆள். முன்பு உடுப்புத் தைக்கும் காமென்ட்ஸில் வேலை, இப்போது வீட்டில் தையல். என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அக்கா, நீங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கவலைப்படும் அந்தக் கோட்டை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. நான் கவனிப்பது தலை முழுகும்போது நகத்தில் மயிர் மாட்டுகிறதா என்றுதான். மாட்டினால் ஓரம் கிளம்பிவிட்டது என்று அர்த்தம், பிறகு கை சும்மா இருக்காது, கிண்டிக் கிண்டி முழுதையும் பிய்த்துவிடுவோம். அடுத்தது பைல் போடும்போது எரிகிறதா என்று பார்ப்பேன். அதற்கடுத்தது நேரம். மூன்று மணித்தியாலம் போவது எனக்குப் பிரச்சினை இல்லை, போகும் என்று முதலே சொல்லாததுதான் பிரச்சினை. ஒன்றரை மணித்தியாலத்தில் முடியும் என்று சொல்லி இருத்திவிட்டு நான் பஸ்ஸை விட்டுவிட்டு ஓட்டோவுக்குக் காசு கொடுத்துப் போனால் நகம் எவ்வளவு வடிவாக இருந்தும் திரும்ப வரமாட்டேன். முதலே சொன்னால் சமைத்து வைத்துவிட்டு ஆறுதலாக வருவேன்.

இன்னொன்று, எங்களிடம் என்ன வேலை செய்கிறோம் என்று கேளுங்கள். மெஷினில் துணி தள்ளுகிறவளுக்கும், வயலுக்கு இறங்குகிறவளுக்கும், பிள்ளை குளிப்பாட்டுகிறவளுக்கும் ஒரே நீளம் சரிவராது. நான் ஒருமுறை ஒரு இடத்தில் வெளிர் ரோசா பூசிக்கொண்டு வந்து அன்றைக்கே மஞ்சள் போட்ட பருப்புக்கறி குழைத்துச் சாப்பிட, நகம் எல்லாம் மஞ்சள் பிடித்துவிட்டது. கையால் சாப்பிடுகிற ஆட்களுக்கு வெளிர் நிறம் மஞ்சள் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கடும் நிறம் கேட்டிருப்பேன். அதைச் சொல்கிற ஆள்தான் எனக்குத் திறமான ஆள். பூப்போடத் தெரியுமா என்பதெல்லாம் பிறகு.

லண்டனிலிருந்து திரும்பியவள்:

நான் லண்டனில் சில வருசம் நகக் கடையில் வேலை செய்துவிட்டு வந்து இப்போது கிளிநொச்சியில் இருக்கிறேன். கனடாப் பிள்ளையின் கதையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே கடையில் வேலை செய்கிறவர்கள் காலையிலிருந்து இரவு வரை நகம் மட்டும்தான் செய்கிறார்கள், ஐபுரோவும் இல்லை, பொம்பிளை வெளிக்கிடுத்துவதும் இல்லை. உங்களுக்குக் கிழமைக்கு வரும் ஆட்கள் அவர்களுக்கு ஒரு நாளில் வருவார்கள். அந்தக் கையோடு உங்கள் கையை இப்போதே ஒப்பிடுவதில் நியாயம் இல்லை. அதோடு அவள் காட்டிய படம் அநேகமாகக் கடையில் செய்ததாகக்கூட இருக்காது, ஒரு மொடலின் ஒரு கையை அரைநாள் இருந்து செய்து, தோலைப் படத்தில் துடைத்துப் போட்டிருப்பார்கள். படம் கொண்டுவந்தால் இப்படிச் சொல்லுங்கள், இந்த நிறமும் இந்த வடிவமும் செய்வேன், வேலைப்பாடு இரண்டு விரலுக்கு மட்டும், இதில் எது உமக்குக் கட்டாயம் வேண்டும்? பத்துக்கும் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் பிறகு மனம் நோவதை விட இது நல்லது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. அக்கா சொன்ன துப்புரவோடு இன்னொன்றையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள், ஜெல் தோலில் படக்கூடாது. பட்டால் லாம்ப்பில் வைக்க முதல் குச்சியால் துடைத்துவிட வேண்டும். இது வடிவுக்காக மட்டும் இல்லை. காயாத ஜெல்லில் இருக்கும் அக்ரிலேட் வகைப் பொருட்கள், குறிப்பாக ஹேமா என்கிறது, தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரலாம். விரல் நுனி வெடிக்கும், கடிக்கும், நகம் கழன்றுகூடப் போகும், சிலருக்கு முகத்திலும் கண்மடலிலும் வரும். வந்தால் வாழ்க்கை முழுக்க நிற்கும், பிறகு பல் அடைக்கும் சாமானுக்கும் சில சத்திரசிகிச்சைச் சாமானுக்கும்கூட உடம்பு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பிரித்தானியத் தோல் வைத்தியர்களின் சங்கம் 2018இல் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் ஹேமா உள்ள நகச் சாமான்களைத் தொழில் செய்கிறவர்கள் மட்டும்தான் பாவிக்கலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. ஜெல் காய்வதற்குப் போடும் டி.பி.ஓ என்ற பொருளை 2025 செப்டெம்பர் 1ஆம் திகதியிலிருந்து அங்கே முழுதாகவே நிறுத்திவிட்டார்கள். இங்கே அந்தச் சட்டம் இல்லை, அதனால்தான் போத்தலில் என்ன இருக்கிறது என்று நாங்களே வாசிக்க வேண்டியிருக்கிறது. என்ன இருக்கிறது என்றே எழுதாத மலிவுப் போத்தலைத் தொடாதீர்கள். கையுறை போட்டால் நைட்ரைல் போடுங்கள், அதுவும் ஜெல் பட்டவுடன் மாற்றுங்கள். ஆளுக்கு மாதத்தில் ஒருநாள்தான் படும், உங்களுக்குத் தினமும்.

சிலருக்கு ஒரு கிழமையில் கிளம்புகிறது, சிலருக்கு மூன்று கிழமை நிற்கிறது என்றீர்களே, அக்கா சொன்னவற்றோடு இதையும் பாருங்கள். கறுப்பு, கடும் சிவப்பு, வெள்ளை நிறங்கள் ஒளியை உள்ளே விடாது, தடிப்பாகப் பூசினால் மேலே காய்ந்து அடியில் பச்சையாக நிற்கும், அது பிறகு தோல் உரிவது போல் முழுதாக வரும். மெல்லிசாக இரண்டு முறை பூசுங்கள். ஜெல் ஒரு கம்பனி, லாம்ப் இன்னொரு கம்பனி என்றால் காய்வது அரைகுறையாக இருக்கலாம், ஏலுமானவரை ஒரே கம்பனியாகப் பாருங்கள், இல்லாவிட்டால் ஜெல் போத்தலில் எந்த லாம்ப்பில் எத்தனை செக்கன் என்று எழுதியிருப்பதையாவது பின்பற்றுங்கள்.

பிறகு எங்கள் வெக்கை. யூடியூப்பில் காட்டுகிறவர்கள் ஏ.சி. அறையில் இருக்கிறார்கள், அவர்களின் ஜெல் வைத்த இடத்தில் நிற்கும். பரந்தனில் சித்திரை, வைகாசி மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே அதே ஜெல் தண்ணீராக ஓடும். உங்கள் கோடு கோணலாகப் போவதில் பாதி அதனால்தான் என்று நினைக்கிறேன். போத்தலை வீட்டில் குளிரான இடத்தில் வைத்து எடுங்கள், கொஞ்சமாக எடுங்கள், ஒரே மூச்சில் ஐந்து விரலையும் பூசாமல் ஒன்றிரண்டு பூசி உடனே சில செக்கன் லாம்ப்பில் வைத்து உறைய விடுங்கள், பிறகு முழு நேரம் காயவையுங்கள். வெக்கையான நாளில் காலமை ஆட்களை எடுங்கள். ஜன்னல் வெயில் மேசையில் படக்கூடாது, வெயிலிலும் ஜெல் உறையும், பிரஷ் கல்லாகிவிடும். அக்ரிலிக் (தூளும் திரவமும் குழைத்து வைப்பது) இப்போதைக்குத் தொடவே வேண்டாம், வெக்கைக்கு அது இன்னும் கெதியாக இறுகும், மணமும் முன் அறை தாங்காது.

மாங்குளம் சந்தி:

எல்லோரும் நல்லாச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் காசைப் பற்றி ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. நான் சலூன் வைத்திருக்கிற ஆள், இதில் வவுனியா அக்காவோடு கொஞ்சம் மாறுபடுகிறேன், வேகம் பிறகு வரும் என்று விட்டுவிட ஏலாது.

தங்கச்சி, சும்மா செய்வதை இன்றோடு நிப்பாட்டுங்கள். சும்மா செய்விக்கிற ஆள் குறை சொல்லமாட்டார், ஓசியில் வாங்கியதற்கு எப்படிக் குறை சொல்வது? உங்களுக்கு வேண்டியதே குறைதான். ஒரு கிழமையில் கிளம்பினாலும் சொல்லாமல் தானே பிய்த்து எறிந்துவிட்டு, அடுத்தமுறை உங்களைக் கண்டால் கையை மறைப்பார். காசு கொடுத்தவர்தான் திரும்ப வந்து இது ஏன் இப்படி என்று கேட்பார். அரைவிலையும் அப்படித்தான், ஒருமுறை வாயால் சொன்னால் எங்கள் ஊரில் அது உங்கள் விலையாகிவிடும், அக்கா போனமுறை இவ்வளவுதானே எடுத்தனீங்கள் என்று தீபாவளிக்கும் கேட்பார்கள். அதனால் முழுவிலையைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், பக்கத்தில் பழகும் காலக் கழிவு, தை வரைக்கும் என்று எழுதுங்கள். தை வந்தால் கழிவைக் கிழித்துவிடுங்கள். அந்த நேரம் கோடு நேராக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

முழுவிலையை எப்படிப் போடுவது என்றால், ஜெல், டிப்ஸ், பைல், அல்ககோல், பஞ்சு, கையுறை, கரண்ட் பில் எல்லாம் கூட்டி ஒரு ஆளுக்கு எவ்வளவு போகிறது என்று முதலில் எழுதுங்கள். பைலை ஒருவரோடு எறியச் சொல்லி அக்கா சொல்கிறார், சரியான கதை, ஆனால் அரைவிலை எடுக்கிற பிள்ளை அதை எறியமாட்டாள், கழுவி வைப்பாள். துப்புரவு உங்கள் விலைக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் கை இறுகிவிடும்.

வேகத்துக்கு நான் சொல்வது இது. மூன்று மணித்தியாலத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு போகிறது என்று மணிக்கூட்டை வைத்துப் பாருங்கள். அநேகமாக டிப்ஸ் அளவு பார்க்கவும் பழைய பொலிஷ் கழட்டவும்தான் போகும், பூசுவதில் இல்லை. ஆள் வர முதலே படம் அனுப்பச் சொல்லி அளவுகளை எடுத்து வைத்தால் அரை மணித்தியாலம் அப்படியே மிஞ்சும். நகத்தைத் தயார்படுத்துகிற நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஆவணிக் கல்யாணத்துக்கு ஓம் சொல்லுங்கள், ஆனால் உங்கள் நிபந்தனையில். கல்யாண விடியப்புறம் நகம் செய்ய ஒத்துக்கொள்ள வேண்டாம், அந்த நேரம் தலை, சாறி, நகை என்று வீடே கலங்கிக் கிடக்கும், உங்கள் கை நடுங்கும். இரண்டு நாளுக்கு முதல் பொம்பிளைக்கு, அடுத்த நாள் தங்கச்சிமாருக்கு. மருதாணி போட முதல் நகத்தை முடித்துவிடுங்கள், ஊறவைப்பதும் அல்ககோலால் துடைப்பதும் மருதாணி நிறத்தைக் கெடுக்கும். மருதாணி போடுகிறவரிடம் நகத்தின் மேல் கொஞ்சம் வஸ்லின் பூசிவிட்டுப் போடச் சொல்லுங்கள், வெளிர் நிறத்தில் சாயம் ஏறாது. ஆடி மாதம் கல்யாணம் இல்லாமல் சும்மாதானே இருப்போம், அப்போது பொம்பிளையை ஒருக்கா கூப்பிட்டு அதே நிறம், அதே நீளம் செய்து பாருங்கள், எவ்வளவு நாள் நிற்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். நீளம் குறைவாக, வடிவம் ஒன்று, நிறம் ஒன்று. படப்பிடிப்புக்காரர் தாலி கட்டும்போதும் மோதிரம் போடும்போதும் கையைக் கிட்டத்தில் எடுப்பார் என்று பயப்பட வேண்டாம், அந்தப் படத்தில் ஒழுங்கான சாதாரண நகம் வடிவாகவே தெரியும், கோணல் பூதான் கண்ணில் குத்தும்.

பரந்தன்காரி:

எல்லோருக்கும் சரியான நன்றி. வவுனியா அக்கா சொன்னபடி முந்தி வந்த ஆட்களிடம் வட்ஸ்அப்பில் படம் கேட்டேன், பலர் அனுப்பிவிட்டார்கள். கிளம்பியவை எல்லாம் தோல்ப் பக்கம்தான், அதிலும் பெரும்பாலும் அவர்களின் இடக்கையில். நான் வலக்கைக்காரி, அவர்களின் இடக்கையைச் செய்யும்போது என் கை முறுகித்தான் நிற்கிறது, இதுவரைக்கும் நான் அதை யோசித்ததே இல்லை. கல்யாணத்துக்கு ஓம் சொல்லிவிட்டேன், ஆடியில் ஒருக்கா செய்து பார்ப்பதாகவும் கதைத்துவிட்டோம்.

இன்னும் இரண்டு கேள்வி. படம் அனுப்பியவர்களில் ஒரு அன்ரிக்கு டிப் கிளம்பிய இடத்தில் நகத்தில் பச்சையாக ஒரு திட்டு இருக்கிறது. நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், வெளிநாட்டிலிருந்து மகன் வருகிறார், மேலே கடும் நிறம் பூசி மறைத்துவிடு பிள்ளை என்கிறார். என்ன செய்வது? மற்றது, இன்னொருவர் டிப்ஸைப் பல்லால் கடித்துக் கழட்டிவிட்டு நகம் மெல்லிசாகிவிட்டது, உன்னால்தான் என்கிறார்.

வவுனியா அக்கா:

அப்படியென்றால் கதிரையை மாற்றும். இடக்கையைச் செய்யும்போது ஆளின் முழங்கையை உம் பக்கம் கொண்டுவந்து கையைத் திருப்பும், உம்முடைய மணிக்கட்டைத் திருப்ப வேண்டாம். ஆளின் விரல் உருளுகிற மாதிரி துவாய் ஒன்றைச் சுருட்டி அடியில் வையும்.

பச்சைத் திட்டுக்கு மேல் ஒன்றும் பூச வேண்டாம், மகன் வந்தாலும் சரி மந்திரி வந்தாலும் சரி. ஆட்கள் அதைப் பூஞ்சணம் என்பார்கள், அநேகமாக அது சூடோமோனாஸ் என்ற பக்டீரியா. கிளம்பிய இடைவெளிக்குள் தண்ணீர் நின்றால் அங்கே வளரும், மூடினால் இன்னும் நல்லா வளரும். டிப்பைக் கழட்டி, கையைக் கழுவித் துடைத்துக் காய விட்டு, அந்த விரலை வெறுமையாக விடும். நோவு, வீக்கம் இருந்தால், அல்லது நகம் தசையிலிருந்து பிரிந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும், நாங்கள் வைத்தியர் இல்லை. மிச்ச ஒன்பது விரலையும் கியூட்டெக்ஸ் பூசி வடிவாக்கிக் கொடும், இந்த விரல் வளர்ந்து வர மாதக்கணக்கு எடுக்கும் என்றும் சொல்லும். அன்ரிக்குப் பாவித்த பைல், பஃபர், குச்சி எல்லாம் உடனே குப்பைக்கு.

கோபப்படுவார் என்று பயப்பட வேண்டாம். அன்ரி, இதை மறைத்தால் உங்களுக்குக் கூடும், மூன்று கிழமைக்குப் பிறகு என்னைத்தான் பேசுவீர்கள் என்று சொல்லும். அவ்வளவு போதும்.

லண்டனிலிருந்து திரும்பியவள்:

கடித்துக் கழட்டியவரோடு சண்டை பிடிக்க வேண்டாம், நகத்தின் மேல் படை ஜெல்லோடு உரிந்து வந்திருக்கிறது, அது வளர்ந்துதான் போகும், கைநகம் முழுதாக மாறக் கிட்டத்தட்ட ஆறு மாதம். அதுவரை குட்டையாக வெட்டி எண்ணெய் பூசச் சொல்லுங்கள். ஆனால் இனி எல்லோருக்கும் செய்யும்போதே கழட்டுவதற்கும் திகதி கொடுங்கள், கழட்டும் காசையும் விலைக்குள் சேர்த்து வாங்கிவிட்டால் கட்டாயம் வருவார்கள். கழட்டும்போது மேல் மினுக்கத்தை மட்டும் பைலால் எடுத்துவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து அலுமினியத் தாளால் சுற்றி பத்துப் பதினைந்து நிமிசம் விடுங்கள். பிறகு குச்சியால் தள்ளத் தானாக வர வேண்டும், வராவிட்டால் திரும்பச் சுற்றுங்கள், சுரண்ட வேண்டாம்.

முன் அறை என்றபடியால் இன்னொன்று. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அதன் ஆவியும்தான். பின்னேரம் ஆட்கள் இருக்கும்போது மேசைக்குக் கீழே நுளம்புத்திரி கொளுத்தி வைப்பதும், அதே அறையில் சாமி விளக்கு எரிவதும் வேண்டாம். நுளம்புக்கு மின்விசிறியைப் போடுங்கள், ஜன்னலைத் திறந்து விடுங்கள். கரண்ட் போகிற நாளுக்கு சார்ஜ் நிற்கும் லாம்ப் ஒன்று வாங்கி வைக்கலாம், ஆனால் வாங்க முதல் அது உங்கள் ஜெல்லைக் காயவைக்கிறதா என்று ஒரு டிப்பில் பூசிப் பாருங்கள், கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்காதீர்கள்.